அம்மாவைக் குளிப்பாட்டப் போவது யார்? சென்னையில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். மாதம் எவ்வளவு, சாப்பாடு சைவமா, டாக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை வருவார், ரூமில் ஏசி உண்டா. குளிப்பாட்டுவது யார், டயப்பர் மாற்றுவது யார், நடுராத்திரி மணி அடித்தால் வருவது ஆணா பெண்ணா என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே போய் இருக்கப் போகிறவருக்கோ அதுதான் முதல் கவலை.

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் பெரியம்மாவை நர்சிங் வசதியுள்ள ஓர் இல்லத்தில் சேர்த்தோம். "லேடீஸ் ஸ்டாஃப்தான் பார்த்துக்குவாங்க" என்றார் மேனேஜர். பகலுக்கு அது உண்மை. ராத்திரிக்கு அந்தத் தளத்தில் ஒரே ஓர் இளைஞர்தான் ட்யூட்டி. "ஒரு பையன் வந்து துணி மாத்துறான்டி, நான் கண்ணை மூடிக்கிறேன்" என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை, பொறுமையானவர். ஆனால் பெரியம்மாவைக் கேட்காமலேயே இந்த ஏற்பாடு நடந்துவிட்டது. அதை மாற்ற மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. நீங்கள் அப்படி அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் அவரிடமே கேளுங்கள், தனியாக

மகன், மருமகள், பேரன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்டால் "எனக்கென்ன, யார் செஞ்சா என்ன" என்றுதான் பதில் வரும். பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாம் என்ற நினைப்பு அதில் இருக்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும், அவர் களைப்பில்லாமல் இருக்கும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும்.

"உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டால் "பரவாயில்லை"தான் கிடைக்கும். ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக் கேளுங்கள். குளிக்கும்போது யார் பக்கத்தில் இருந்தால் கூச்சமாக இருக்காது? பாத்ரூம் கூட்டிப்போக? சாப்பாடு ஊட்ட நேர்ந்தால்? ராத்திரி டயப்பர் மாற்ற? மகளோ மருமகளோ வந்து செய்வது பிடிக்குமா, பிடிக்காதா? சிலருக்குச் சொந்தப் பிள்ளைகள் செய்வதைவிட வெளியாள் செய்வதுதான் நிம்மதி. அதைச் சொன்னால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களோ என்று சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

இது பெண்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்காதீர்கள். பேத்தி வயதுப் பெண் வந்து குளிப்பாட்டுவதில் கூனிக் குறுகிப்போகும் தாத்தாக்கள் நிறைய. ஆண் அட்டெண்டர்கள் குறைவாக இருப்பதால் அவர்களை யாரும் கேட்பதே இல்லை. அவர்களும் வாய் திறப்பதில்லை. குளியலை ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போடுவார்கள். குளிக்க மறுக்கிறார் என்று இல்லத்திலிருந்து புகார் வந்தால் முதலில் குளிப்பாட்டுவது யார் என்று பாருங்கள்.

2. விருப்பங்களை மூன்றாகப் பிரியுங்கள்

கட்டாயம் வேண்டியது, முடிந்தால் வேண்டியது, எப்படி இருந்தாலும் சரி. இந்தப் பிரிப்பை அவரே செய்யட்டும். பதினைந்து நிபந்தனைகளை ஒரே பட்டியலாக நீட்டினால், ஷிஃப்டுக்கு நாலு பேரை வைத்து ஓட்டும் இல்லம் பதினைந்தையும் ஓரமாக வைத்துவிடும். இரண்டே இரண்டு கட்டாயம் என்றால் நிறைவேற்ற முயற்சியாவது செய்வார்கள்.

பெரியம்மாவின் பட்டியல் இப்படி இருந்தது. கட்டாயம்: குளியல், துணி மாற்றுவது, கழிப்பறை உதவி மூன்றும் பகலிலும் இரவிலும் பெண்தான். முடிந்தால்: காலையில் தினமும் ஒரே ஆள், தமிழ் பேசத் தெரிந்தவர், காரணம் அவருக்குக் காது மந்தம், உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். எப்படி இருந்தாலும் சரி: பிபி, சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, பிசியோதெரபி. தூக்கி உட்காரவைக்க ஆண் வரலாம், ஆனால் உடுத்தியிருக்கும்போது மட்டும். இந்தக் கடைசி வரி எனக்குத் தோன்றியிருக்காது, அவர்தான் சொன்னார். இல்லத்துக்கும் அது உதவியாக இருந்தது, ஏனென்றால் ஆளைத் தூக்கக் கொஞ்சம் பலமுள்ள ஆண்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பாட்டி" பிடிக்காதவர்கள் உண்டு. முப்பது வருஷம் "டீச்சர்" என்று கூப்பிடப்பட்டவருக்கு அதுவே பிடிக்கலாம்.

3. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது ட்யூட்டி பட்டியலைக் கேளுங்கள்

காலை பதினோரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறையாவது சாயங்காலம் ஏழு, ஏழரைக்குப் போங்கள். பல இடங்களில் ஷிஃப்ட் மாறுவது எட்டு மணிக்கு. பகல் ஆட்கள் கிளம்பி இரவு ஆட்கள் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். இன்னொரு முறை ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

கேட்க வேண்டியவை: இந்தத் தளத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்? பகலில் எத்தனை அட்டெண்டர், இரவில் எத்தனை? அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை? எத்தனை பேர் இல்லத்தின் சொந்த ஊழியர்கள், எத்தனை பேர் ஏஜென்சி ஆட்கள்? ஒருவர் லீவு போட்டால் மாற்று யார்? வாயால் சொல்வதோடு விடாமல், போன மாத ட்யூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறுவோம். முதலாவது, "சிஸ்டர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்காங்க" என்ற பதில். சிஸ்டர் ஊசி, மருந்து, டிரிப்ஸ், டியூப் பார்ப்பவர். உடம்பு துடைப்பதும் டயப்பர் மாற்றுவதும் பெரும்பாலும் அட்டெண்டர் அல்லது ஆயாம்மா வேலை. சிஸ்டர் பெண் என்பதால் துணி மாற்றுவதும் பெண் என்று ஆகாது. இரண்டாவது, பொங்கலும் தீபாவளியும். ஊழியர்களில் பலர் வெளியூர், வெளிமாநிலம். பண்டிகை வாரத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது, ஆண்களும் பெண்களும் கலந்து தங்கும் தளம். அங்கே இரவு ட்யூட்டிக்கு ஒரே ஆள் என்றால், யாரோ ஒருவருடைய விருப்பம் அடிபடும். பெண்களுக்குத் தனித் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேனேஜரிடம் பேசி முடித்த பிறகு, அங்கே வேலை செய்யும் ஆயாம்மா ஒருவரிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள். அவர் வேலைக்கு உலை வைக்கிற மாதிரி எதுவும் கேட்க வேண்டாம். "ராத்திரி யாரும்மா இருப்பாங்க?" போதும்.

4. செலவு: எங்கே கூடும், எதை முன்கூட்டியே பேசலாம்

மாதக் கட்டணத்தில் பொதுவான பராமரிப்பு அடங்கும். குறிப்பிட்ட ஆள்தான் வேண்டும் என்றாலோ, கூடவே ஒருவர் வேண்டும் என்றாலோ "தனி அட்டெண்டர் போட்டுக்கோங்க" என்பார்கள். நான் விசாரித்த இடங்களில் 12 மணி நேர ஷிஃப்டுக்கு 700 முதல் 1,000 ரூபாய் வரை சொன்னார்கள். தினம் 800 என்று வைத்தாலே மாதம் 24,000. ஆகவே "பெண் அட்டெண்டர்தான்" என்ற கட்டாய விருப்பம் மாதக் கட்டணத்துக்குள் வருகிறதா, தனிக் கட்டணமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் முடிவு செய்யுங்கள். என் கருத்தில் குளியலுக்கும் துணி மாற்றவும் ஒரே பாலினத்தவரை அனுப்புவது இல்லத்தின் அடிப்படைக் கடமை. அதற்குத் தனியாகப் பணம் கேட்கும் இடத்தைத் தவிர்ப்பேன்.

ஜிஎஸ்டி சேர்த்த தொகையா என்று கேளுங்கள். அரசு நடத்தும் இல்லங்களும், வருமான வரிச் சட்டத்தில் பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லங்களும் 60 வயது நிரம்பியவர்களிடம் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. தனியார் நிறுவன இல்லம் என்றால் நிலைமை வேறு, பில்லில் கூடுதலாக வரலாம்.

டயப்பர், கையுறை, மருந்து, ஆம்புலன்ஸ், மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஆள் எல்லாம் வழக்கமாகத் தனி. டெபாசிட்டில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

5. தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு எண்கள். இவை எல்லா இடத்திலும் கேட்பார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: மாவட்டச் சமூக நலத் துறையில் இல்லம் பதிவு பெற்றதற்கான சான்றின் நகல், கட்டண விவரம், ஒப்பந்தத்தின் வரைவு. வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க ஒருநாள் கொடுங்கள் என்று கேளுங்கள். "ஊழியர்களை நியமிப்பது நிர்வாகத்தின் முடிவு" என்ற வரி அதில் அநேகமாக இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். "இணைப்பிலுள்ள விருப்பக் கடிதத்துக்கு உட்பட்டு" என்று அதோடு சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஒத்துக்கொள்வார்கள். பெரியவரின் விருப்பங்களை எழுதிய கடிதம்தான் அது, மாதிரி அடுத்த பகுதியில்.

ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் 2024-இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆகிவிட்டது. விருப்பக் கடிதத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும்.

பவர் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. "அம்மாகிட்ட பவர் வாங்கியாச்சு, எல்லாம் நான்தான்" என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கிக்கோ சொத்துக்கோ எழுதிய பவர், யார் அவரைத் தொடலாம் என்று முடிவுசெய்யும் உரிமையைத் தராது. எழுதிக்கொடுத்தவர் மனநிலை தவறிவிட்டால் சாதாரண பவரும் செல்லாமல் போய்விடும். அதேபோல் சில இல்லங்கள் நீட்டும் 'லிவிங் வில்' உயிர்காக்கும் சிகிச்சை பற்றியது, அதற்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் வேண்டும். அன்றாடப் பராமரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

6. விருப்பக் கடிதம்

அவர் பெயரில், அவர் சொல்வதாக, அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைரேகையும் இரண்டு சாட்சிகளும். மாதிரி இதோ:

"நான் தங்கள் இல்லத்தில் ___ தேதி முதல் தங்குகிறேன். என்னைக் குளிப்பாட்டுவது, உடை மற்றும் டயப்பர் மாற்றுவது, கழிப்பறைக்கு உதவுவது ஆகியவற்றைப் பகலிலும் இரவிலும் பெண் ஊழியர் மட்டுமே செய்ய வேண்டும். என்னைத் தூக்க ஆண் ஊழியர் உதவலாம்; அப்போது நான் உடை உடுத்தியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் இந்த நிபந்தனை பொருந்தாது. ஊழியர் இல்லாத நாளில் எனக்கு முன்னதாகச் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்பவர் யாராவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னால், காரணம் கேட்டுப் பதிவு செய்து, மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த விருப்பங்களை நான் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்."

அவசரத்தைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் இல்லத்தினர் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு முத்திரை வாங்கி உங்களிடம் வையுங்கள். இன்னொரு நகலை நர்ஸ் மேசையிலுள்ள அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் அலமாரியில் இருக்கும் கடிதம் இரவு ட்யூட்டிக்கு வருபவர் கண்ணில் படாது. கட்டிலுக்கு மேலே ஒட்டவும் வேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள்.

7. எதைக் கேட்கக் கூடாது

இதை எழுதாமல் போனால் மற்றதெல்லாம் அரைகுறை. "நம்ம ஆளுங்களா பார்த்துப் போடுங்க" என்று காதோரம் சொல்கிற குடும்பங்கள் சென்னையில் இன்றும் இருக்கின்றன. சில சமயம் கேட்பது பெரியவரே. சாதி பார்த்து ஆளை மாற்றச் சொல்வது விருப்பம் ஆகாது, அது தீண்டாமை. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. கடிதத்தில் எழுதவும் கூடாது, வாயால் கேட்கவும் கூடாது. நிறம், மதம், வடகிழக்கு முகம் என்று சொல்வதும் அதே வகைதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படிக் கேட்டால் என்ன செய்வது? உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு புரியாததா? கை முரட்டுத்தனமாகப் படுகிறதா? வெந்நீர் அதிகச் சூடா? அப்படி ஏதாவது இருந்தால் அதைச் சொல்லிச் சரிசெய்யலாம். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணிடம் "வலிக்குது, போதும், தண்ணி, மெதுவா" என்ற நாலு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தாலே பாதி எரிச்சல் போய்விடும். வேறு காரணம் எதுவுமே இல்லை, சாதிதான் என்றால், முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த வேலையை மேனேஜர் தலையில் கட்டாதீர்கள். ஊழியருக்கும் மானம் உண்டு. திட்டவும் அடிக்கவும் செய்கிற ஒருவரைப் பார்க்க மறுக்க அவருக்கும் உரிமை வேண்டும்.

8. முதல் மாதம்

முடிந்தால் ஒரு வாரமோ ஒரு மாதமோ தற்காலிகமாகத் தங்கவைத்துப் பாருங்கள். பல இல்லங்களில் அதற்கு வசதி உண்டு. கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், டெபாசிட் சிக்கல் இல்லை.

நேரம் மாற்றி மாற்றிப் போங்கள். அவரிடம் தனியாக, "நேத்து ராத்திரி யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குறை இருந்தால் முதலில் பொறுப்பு நர்ஸிடம் வாயால் சொல்லுங்கள். மூன்று நாளில் மாறாவிட்டால் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ தேதி, நேரத்தோடு அனுப்புங்கள். எழுத்தில் ஒரு தடம் இருக்கட்டும். குறிப்பிட்ட ஊழியரை வேலையைவிட்டு எடுங்கள் என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் தவறு அட்டவணையில்தான் இருக்கும், மாறவேண்டியதும் அதுதான். அடித்தது, பாலியல் சீண்டல் என்றால் இந்தப் படிகள் எதுவும் கிடையாது, நேராகப் போலீஸ்.

அறைக்குள் கேமரா வைப்பதாக இல்லம் சொன்னால், துணி மாற்றும் இடம் அதில் தெரிகிறதா, யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பெண் ஊழியர் துணி மாற்றுவதை ஆண் ஒருவர் ஆபீஸ் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு பாடும் வீண்.

9. மறதி நோய் இருந்தால்

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யார் செஞ்சா என்ன" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெயர் மறந்தவருக்கும் கூச்சம் மறப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முடிவைப் பேச்சால் மட்டுமல்ல, சைகையாலும் முகபாவத்தாலும் தெரிவிக்கலாம் என்கிறது. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வது, முகத்தைத் திருப்புவது, ஒருவர் வந்தால் மட்டும் கத்துவது எல்லாம் பதில்தான். எந்த ஆள் வரும்போது அமைதியாக இருக்கிறார் என்று இரண்டு வாரம் குறித்துவைக்கச் சொன்னால் விடை கிடைத்துவிடும்.

நோயின் ஆரம்பத்திலேயே இருக்கிறார் என்றால் தாமதிக்காதீர்கள். விருப்பக் கடிதத்தை இப்போதே எழுதுங்கள். அதே சட்டத்தின்படி, மனநல சிகிச்சையில் தன் சார்பில் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ போட்டு அவர் நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு குறிப்பு வாங்கிக் கூடவே வைத்துக்கொண்டால் பின்னால் அண்ணன் தம்பி தகராறு வராது. கிண்டியில் 2024-இல் திறந்த அரசு தேசிய முதியோர் நல மருத்துவமனையில் காட்டலாம்.

10. பேசித் தீராவிட்டால்

முதலில் 14567, முதியோர் உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம்.

அடுத்து, இல்லம் இருக்கும் மாவட்டத்தின் சமூக நல அலுவலருக்கு எழுத்துப் புகார். இங்கேதான் பலரும் தடம் மாறிப் போவார்கள். உங்கள் வீடு மாம்பலத்தில் இருக்கலாம், ஆனால் இல்லம் சேலையூரிலோ கூடுவாஞ்சேரியிலோ இருந்தால் அது செங்கல்பட்டு மாவட்டம். பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம், குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றபின் இது தெரிந்தால் ஒருநாள் போச்சு. பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் தீர்ப்பாயத்துக்கும் போக வேண்டாம். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பதும், எழுதிக்கொடுத்த சொத்தை மீட்பதும்தான் அங்கே நடக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட சேவையைத் தராவிட்டால் நுகர்வோர் புகார் செய்யலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இங்கே அந்த மாவட்டக் குழப்பம் கிடையாது. முத்திரை வாங்கிய விருப்பக் கடிதம்தான் உங்கள் முக்கிய ஆதாரம். பெரியவர் பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

11. வேறு இல்லத்துக்கு மாற்றும்போது

புது இடத்தில் படுக்கை உறுதியான பிறகே பழைய இடத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாத நோட்டீஸ் கேட்பது வழக்கம். மருந்துச் சார்ட், நர்சிங் குறிப்புகள், விருப்பக் கடிதத்தின் நகல் மூன்றையும் கிளம்பும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். புது இல்லத்தில் பழைய கடிதத்தை அப்படியே கொடுக்காமல், மறுபடி அவரிடம் கேட்டு எழுதுங்கள், விருப்பம் மாறியிருக்கலாம். டெபாசிட் பணம் கணக்கில் ஏறும்வரை அசல் ரசீதைக் கையைவிட்டு விடாதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.